அமுக்கியும் அசையாத பட்டன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு டெண்டர் என்றால் ஆவடி டேங்க் ஃபேக்டரி, இல்லையென்றால் பெரம்பூர் ஐ.சி.எஃப். டெண்டரெல்லாம் ஆன்லைனுக்குப் போன புதிதில், ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களில் இந்தப் பேச்சு சகஜம்.

"தம்பி, சப்மிட்டை அமுக்கிக்கினே இருக்கேன், ஒண்ணும் ஆவலையே."

"குரோம்ல ஆவாது சார். அந்தக் கடைசி சிஸ்டத்துல உக்காருங்க, அதுலதான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போட்டிருக்கு."

பட்டறைக்காரர் தனக்குத்தான் கம்ப்யூட்டர் வரவில்லை என்று கூசிக்கொண்டே எழுந்து போவார். வெப்சைட் எழுதிப் பிழைக்கும் எனக்கு அதுதான் பொறுக்காது. மைக்ரான் கணக்கில் இரும்பைச் சீவுகிறவருக்கு ஒரு பட்டனை அமுக்கத் தெரியாதா? டிஜிட்டல் கையெழுத்துக்கான ஜாவா ஆப்லெட்டை 2015-ல் குரோம் கைகழுவியது ஒரு காரணம், அது தனிக்கதை. அதற்கும் முந்தைய வம்பு, கிளிக் என்றால் என்ன என்பதிலேயே பிரவுசர்கள் ஒத்துப்போகாதது.

1995-ல் நெட்ஸ்கேப் தன் பிரவுசரில், கிளிக்குக்குப் பதில் சொல்ல வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டுவந்தது. மறுவருடமே மைக்ரோசாஃப்ட் அதே மாதிரி ஒன்றைத் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் (ஐ.இ.) வைத்தது. பக்கத்துக்குள் படிவம், படிவத்துக்குள் பட்டன். பட்டனை அமுக்கினால் தகவல் முதலில் யாருக்குப் போக வேண்டும்? நெட்ஸ்கேப் 4-ல் பக்கத்திலிருந்து உள்ளே இறங்கியது, ஐ.இ. 4-ல் பட்டனிலிருந்து வெளியே ஏறியது. 2000 நவம்பரில், வெப்புக்குப் பொது விதி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நாட்டாமை செய்தது: முதலில் இறங்கட்டும், பிறகு ஏறட்டும், ஆட்ஈவென்ட்லிசனர் என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதுங்கள். மைக்ரோசாஃப்ட் அதே வேலைக்கு வைத்திருந்த தன் அட்டாச்ஈவென்ட்டை விடவில்லை. 2011 மார்ச்சில் ஐ.இ. 9 வந்த பிறகுதான் வழிக்கு வந்தது.

இடைப்பட்ட காலம் முழுக்க எங்கள் வேலை எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதுவதுதான். மவுஸின் இடது பட்டனை அமுக்கினால் டபிள்யூ3சி வழியில் வரும் எண் 0, ஐ.இ.யில் 1. அதே 1 மற்ற பிரவுசர்களில் நடுப் பட்டன்! எதை அமுக்கினார்கள் என்பதற்கு இங்கே டார்கெட், அங்கே சோர்ஸ்எலிமெண்ட். படிவம் போகாமல் தடுக்க இங்கே பிரிவென்ட்டிஃபால்ட், அங்கே ரிட்டர்ன்வேல்யூவை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். இதிலெல்லாம் மோசமானது அட்டாச்ஈவென்ட்டின் வரிசை. ஒரே பட்டனில் இரண்டு ஃபங்ஷன்களை மாட்டினால் எது முதலில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. கட்டங்களை நிரப்பியாச்சா என்று பார்ப்பதற்குள் அனுப்புகிற வேலை முந்திக்கொள்ளலாம்.

2006-ல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இந்தத் தலைவலியை மொத்தமாகத் தன் தலையில் வாங்கிக்கொண்டது. இன்றைய பையன்கள் அதைக் கேலி செய்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் ஐ.இ.யை ஓரங்கட்டியது. ஆனாலும் பழைய தளங்களுக்காக எட்ஜ் பிரவுசருக்குள் ஐ.இ. மோடு என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது 2029 வரை இருக்குமாம்.

சண்டை ஓய்ந்தும் பட்டன்கள் அசையாமல் நிற்கத்தான் செய்கின்றன. இப்போது காரணம் நாங்கள். ஹெச்டிஎம்எல்லில் அசல் பட்டன் இருக்கும்போது, டிவ் என்கிற சாதாரணப் பெட்டி ஒன்றுக்குச் சாயம் பூசிப் பட்டன் மாதிரி நிறுத்தி, அதில் கிளிக்கை மாட்டிவிடுகிறோம். மவுஸுக்கு அது பட்டன். என்டர் கீக்கு வெறும் பெட்டி. பார்வையற்றவர் வைத்திருக்கும் ஸ்கிரீன் ரீடரும் அதைப் பட்டன் என்று சொல்லாது. எங்களிடம் வேலைக்கு வரும் பையன்களின் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் செய்த படிவத்தை டேப், என்டர் இரண்டை மட்டும் வைத்து அனுப்பிக் காட்டச் சொல்கிறேன்.