மார்பில் ஒரு குழி: மறைப்பதா, அளப்பதா?

இதயமும் நுரையீரல்களும் ஒரு கூட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன என்பதை நீங்கள் உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். முன்புறம் மார்பெலும்பு, பின்புறம் முதுகெலும்பு, பக்கங்களில் 12 இணை விலா எலும்புகள் ஆகியவை சேர்ந்ததே அக்கூடு. மேலேயுள்ள 7 இணை விலா எலும்புகள் மார்பெலும்புடன் நேராக இணைகின்றன. ஆனால் இணையும் இடத்தில் இருப்பது கெட்டியான எலும்பு அன்று. வளைந்து கொடுக்கும் குருத்தெலும்பு. மூச்சை இழுக்கும்போது கூடு விரிய முடிவது இதனால்தான்.

சிலருக்கு இக்குருத்தெலும்புகள் சீராக வளராமல் மார்பெலும்பின் கீழ்ப்பகுதியை உள்நோக்கித் தள்ளிவிடுகின்றன. நடுமார்பில் ஒரு குழி தோன்றுகிறது. இதனை உட்குழிந்த மார்பு என்றும், புனல் மார்பு என்றும் கூறுவர். மேலைநாட்டுக் கணக்குகளின்படி ஏறத்தாழ 300 அல்லது 400 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெண்களைவிட ஆண்களிடம் பன்மடங்கு மிகுதி. அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால், 1200 மாணவர்கள் படிக்கும் ஒரு பள்ளியில் 3 அல்லது 4 பேர் இருக்கக்கூடும். ஆனால் அவர்களை நாம் பார்ப்பதில்லை. காரணம், அவர்கள் சட்டையைக் கழற்றுவதில்லை.

இந்த மறைப்பைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். எனக்கும் குழிந்த மார்புதான். பள்ளியில் படித்தபோது உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர், வரிசையில் நின்ற அனைவர் முன்னிலையிலும், "வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று கேட்டார். அதன்பின் விடுதிக் கிணற்றடியில் எல்லோரும் குளித்துப் போன பிறகே நான் குளிக்கப் போவேன். குழி எனக்கு வலி தந்ததில்லை. அந்தக் கேள்வி தந்தது.

சோறும் பாலும் காரணமா?

அந்த ஆசிரியர் சொன்னதில் அறிவியல் இல்லை. ஊட்டக்குறைவால், குறிப்பாக வைட்டமின் டி குறைவால், எலும்புகள் வளைவதுண்டு. ஆனால் புனல் மார்பு பெரும்பாலும் அவ்வாறு வருவதில்லை. பலருக்கு அதே குடும்பத்தில் வேறொருவருக்கும் இது இருக்கிறது. சிறு வயதில் இலேசாகத் தெரியும் குழி, உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில் ஆழமாகிறது. ஐரோப்பாவில் இதற்குச் 'செருப்புத் தைப்பவர் மார்பு' என்ற பழைய பெயர் ஒன்று உண்டு. தொழில் செய்யும்போது கருவியை மார்பில் அழுத்தி வைத்துக்கொள்வதால் குழி விழுகிறது என்று எண்ணினார்கள். தொழிலே செய்யாத குழந்தைக்கும் குழி இருப்பதை நோக்கினால் அந்த விளக்கம் நிற்காது. பார்த்த இரண்டு செய்திகளை உடனே காரணமும் விளைவும் ஆக்கிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அளவே வழிகாட்டி

இக்குறை உள்ளவர்களின் வீடுகளில் இரண்டு வகைப் பேச்சைக் கேட்கலாம். ஒன்று, "இதெல்லாம் ஒன்றுமில்லை, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது. மற்றொன்று, "இதயம் நசுங்கிவிடும்" என்னும் அச்சம். இரண்டுமே அளக்காமல் சொல்லப்படும் சொற்கள். அளந்த பின் பேசுவதே அறிவியலின் முறை.

வீட்டிலேயே ஓர் எளிய அளவு எடுக்கலாம். மல்லாந்து படுத்து, மார்பின் குறுக்கே ஒரு நேரான அளவுகோலை வைத்து, அதிலிருந்து குழியின் அடிவரை எத்தனை மில்லிமீட்டர் என்று இன்னொரு அளவுகோலால் பார்க்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை குறித்து வந்தால் குழி மாறாமல் இருக்கிறதா, ஆழமாகிறதா என்பது தெரியும். ஆனால் உள்ளே இதயத்திற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை இது சொல்லாது. அதற்கு மருத்துவர்கள் சி.டி. ஸ்கேன் படத்தைக் கொண்டு ஒரு விகிதத்தைக் கணக்கிடுகின்றனர். கூட்டின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையேயுள்ள மிகக் குறைந்த தூரத்தால் வகுப்பதே அது. இதற்கு ஹாலர் எண் என்று பெயர். அகலம் 25 செ.மீ., தூரம் 10 செ.மீ. என்றால் எண் 2.5, இது இயல்பானது. அகலம் 26 செ.மீ., தூரம் 8 செ.மீ. என்றால் 3.25. இந்த அளவுக்கு மேற்பட்டால் அறுவை மருத்துவம் தேவையா என்று ஆராய்வது வழக்கம். எண் மட்டும் முடிவு செய்வதில்லை. ஓடும்போது மூச்சு வாங்குகிறதா, படபடப்பு உண்டா, இதயம் இடப்புறம் தள்ளப்பட்டு அழுந்தியுள்ளதா என்பவற்றையும் சேர்த்தே பார்க்கின்றனர்.

இயற்பியல் தரும் உதவி

மருத்துவ முறைகளில் ஒன்று நீங்கள் படிக்கும் இயற்பியலையே பயன்படுத்துகிறது. தமக்கே இக்குறை இருந்த எக்கார்ட் குளோபே என்னும் ஜெர்மானியப் பொறியாளர் ஒரு வெற்றிடக் கிண்ணத்தை அமைத்தார். அதை மார்பில் கவிழ்த்து, கைப்பம்பினால் உள்ளிருக்கும் காற்றை ஓரளவு வெளியேற்ற வேண்டும். கிண்ணத்தின் விட்டம் 16 செ.மீ. என்று கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் சுமார் 1 கிலோகிராம் எடையளவு விசையுடன் அழுத்துகிறது. உள் அழுத்தத்தை 15 விழுக்காடு குறைத்தால், மார்பை வெளிநோக்கித் தள்ளும் விசை 200 × 0.15, அதாவது சுமார் 30 கிலோகிராம் எடைக்குச் சமம்! குழி ஆழமில்லாத, குருத்தெலும்பு இன்னும் நெகிழ்வாக உள்ள இளம் வயதினருக்கு இது பயன் தருகிறது. ஆனால் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூட, நாள்தோறும் அணிய வேண்டும். 30 கிலோ விசை விளையாட்டுப் பொருள் அன்று. இரத்தம் உறையாமைக் கோளாறு, இரத்தக் குழாய் நோய் முதலியன உள்ளவர்களுக்கு இது ஆகாது. எனவே வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டு யாரும் முயலக் கூடாது. மருத்துவரின் மேற்பார்வை தேவை.

ஆழமான குழிக்கு அறுவை மருத்துவம் உண்டு. 1949-இல் ராவிச் என்னும் அமெரிக்க மருத்துவர், கோணிய குருத்தெலும்புகளை அகற்றி மார்பெலும்பை நிமிர்த்தும் முறையை வெளியிட்டார். 1987-இல் டொனால்ட் நஸ் என்பவர் வேறு வழியில் சிந்தித்தார். குருத்தெலும்பு நெகிழ்வானதாயிற்றே, அதை ஏன் வெட்ட வேண்டும்? பக்கத்தில் சிறு துளைகள் வழியே வளைந்த உலோகப் பட்டை ஒன்றைச் செலுத்தி, மார்பெலும்புக்கு அடியில் திருப்பி வைத்தார். பட்டை நெம்பித் தூக்க, மார்பு நிமிர்ந்தது. சுமார் 3 ஆண்டுகளுக்குப் பின் பட்டையை எடுத்துவிடுகின்றனர். சிறிய தழும்புதான், ஆனால் முதல் சில வாரங்களின் வலி சிறியதன்று. அழகுக்காக மட்டும் அவசரப்பட்டுச் செய்துகொள்ளத்தக்கது அல்ல என்பது என் கருத்து.

பெரும்பான்மையோருக்கு இவை எதுவும் தேவையில்லை. என் எண் 2.9. நீச்சலும், முதுகுத் தசைகளை உறுதியாக்கும் பயிற்சியும், தோளைக் கூனாமல் நிமிர்ந்து நிற்கும் பழக்கமும் எனக்குப் போதுமாயின. உடற்பயிற்சி எலும்பின் குழியை நிரப்பாது. ஆயினும் மூச்சையும் நிலையையும் சீராக்கும். குழியே மறையும் என்று சொல்லி மாவும் மருந்தும் விற்பவர்களிடம், "முன்னும் பின்னும் எடுத்த அளவு எங்கே?" என்று கேளுங்கள்.

பள்ளி செய்ய வேண்டியது

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, 18 வயது வரை உள்ளவர்களைச் சோதிக்க மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றனர். கண், பல், காது எல்லாம் பார்க்கப்படுகின்றன. 10 வயதுக்கு மேற்பட்டோரின் மார்பையும் முதுகையும், மறைவான இடத்தில், தனித்தனியாகப் பார்த்தால் என்ன? ஒரு திரையும் ஓர் அளவுகோலும் போதும். இல்லாத கவலையை இது உண்டாக்காதா என்று சிலர் கேட்கலாம். கவலை ஏற்கெனவே அந்த மாணவனின் சட்டைக்குள் இருக்கிறது. அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் அது சிறுத்துவிடும். மேலும், மிக உயரமாக, நீண்ட கைவிரல்களுடன் இருக்கும் சிலருக்கு இக்குழி மார்ஃபான் நோயின் அடையாளமாக இருக்கலாம். அவர்களது இதயத்தையும் கண்ணையும் உடனே சோதிப்பது உயிர் காக்கும் செயல்.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் எப்போதும் கடைசியாகக் குளிக்கச் செல்பவனோ, விளையாட்டு நாளன்று காய்ச்சல் என்பவனோ இருந்தால், கேலி செய்வதற்கு முன் சற்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்கே இக்குழி இருக்குமானால், இன்றே அளந்து, பெற்றோரிடம் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள். அளந்துவிட்ட ஒன்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.