காசு அரவைக்குப் போகட்டும்

எங்கள் வீட்டு எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்கு ஐந்து வயது. மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. அங்கே வீடு மாற்றும்போது அட்டைப்பெட்டியில் கட்டி வாசுதேவநல்லூருக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டான். இரண்டு வருஷமாக அதில் காபி போடுவது நான்தான். போன தீபாவளிக்கு வந்தவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, இந்த மெஷின் இனி தேறாது. நாப்பதாயிரத்துல நல்லதா ஒண்ணு இருக்கு, தவணையில போட்டுருதேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கான காரணம் என் வீட்டோடு நிற்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் பள்ளி ஆசிரியர்களிலேயே இரண்டு பேர் வீட்டில் இந்த மாதிரி மெஷின் இருக்கிறது. இருவருமே அடுத்ததாக அதைவிடப் பெரிய மெஷின் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள்.

நம் பக்கம் எஸ்பிரஸ்ஸோ என்றால் நினைவுக்கு வருவது கல்யாண மண்டபத்தில் உஸ்ஸென்று நீராவி அடிக்கும் மெஷின்தான். பாலில் இன்ஸ்டன்ட் தூளும் சீனியும் போட்டு, நீராவியில் நுரை கட்டவைத்து, மேலே சாக்லேட் தூள் தூவித் தருவார்கள். ருசியான பானம்தான், ஆனால் சங்கதி வேறு. இத்தாலியில் 1901-இல் லூயிஜி பெஸேரா காப்புரிமைக்கு விண்ணப்பித்த மெஷின், நீராவியின் அழுத்தத்தால் தண்ணீரைக் காபித்தூளுக்குள் தள்ளியது. அக்கில்லே காஜ்ஜியா நெம்புகோலும் சுருள்வில்லும் வைத்து அந்த அழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்தினார். அவருடைய மெஷின்கள் 1948-இல் விற்பனைக்கு வந்த பிறகுதான் டிகாஷன் மேல் பொன்னிறமாக நுரை கட்டியது. இன்று எல்லோரும் சொல்லும் கணக்கு 9 பார். காற்றழுத்தம்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. 18 கிராம் தூளிலிருந்து 25, 30 நொடிக்குள் 36 கிராம் டிகாஷன் இறங்க வேண்டும். பெட்டியில் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பம்பால் எவ்வளவு தள்ள முடியும் என்பதற்கான எண். தூள் போடும் கிண்ணத்துக்குள் அவ்வளவும் வேண்டியதில்லை.

பித்தளை பில்டரில் தண்ணீர் தன் பாரத்தில்தான் இறங்குகிறது. அவசரம் இல்லை. தூள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். எஸ்பிரஸ்ஸோவில் அரை நிமிஷம்தான் கெடு, அழுத்தமோ ஒன்பது மடங்கு. அரவையில் இருக்கும் குறை அப்படியே கோப்பையில் வந்து நிற்கும்.

ஒரு வருஷம் மிக்ஸியில்தான் அரைத்துக்கொண்டிருந்தேன். டிகாஷன் ஒரே வாயில் புளிக்கவும் செய்யும், கசக்கவும் செய்யும். ஒருநாள் அந்தத் தூளில் ஒரு ஸ்பூன் எடுத்து வெள்ளைத்தாளில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ரவை அளவில் துண்டுகள், மிளகுக் குருணை அளவில் சில, மற்றதெல்லாம் விரலில் ஒட்டிக்கொள்ளும் மாவு. மிக்ஸியின் கத்தி அரைப்பதில்லை, அடிக்கிறது. அடி பட்டது மாவாகிறது, தப்பியது கட்டியாகவே இருக்கிறது. மாவிலிருந்து கசப்பு முழுக்க இறங்கிவிடும். கட்டியில் உள்ள ருசியோ வெளியே வர நேரம் இல்லாமல் புளிப்போடு நின்றுவிடும். அதோடு, வயலில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் மடைக்குப் போகாமல் வரப்பைத் துளைத்துக்கொண்டு ஓடுமே, கிண்ணத்துக்குள்ளும் அதேதான் நடக்கிறது. எங்கே இளக்கமாக இருக்கிறதோ அந்த வழியாகப் பாய்ந்துவிடுகிறது. மீதித் தூள் சும்மா நனைந்து கிடக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் மெஷினில் இதே தூளைப் போட்டாலும் தண்ணீர் அந்த வளையைத்தான் தேடும்.

பரணில் அத்தையின் வார்ப்பிரும்பு அரவை மெஷின் இருந்தது. பெஞ்சு விளிம்பில் திருகி மாட்டிக் கையால் சுற்றுவது. கடைகளில் கரண்டு மெஷின் வந்து, அரைத்த தூளையே வாங்கிவரும் பழக்கம் ஏற்படும்வரை இது காபி குடிக்கும் பல வீடுகளில் இருந்தது. ஆசையோடு இறக்கித் துடைத்து அரைத்துப் பார்த்தேன். எஸ்பிரஸ்ஸோவுக்கு அது சரிப்படவில்லை. தண்டு தேய்ந்து ஆடுகிறது. பற்களுக்கு நடுவே ஒரு பக்கம் இடைவெளி கூடுதல், மறுபக்கம் குறைவு. லேத் பட்டறையில் கொடுத்துப் புது புஷ் போட்டேன். பில்டருக்கு அருமையான தூள் வருகிறது, அத்தை இப்போது அதைத்தான் குடிக்கிறார்கள். எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டியது மயிரிழை அளவில் கூட்டிக் குறைக்கும் வசதி. அந்தக் காலத்து மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

ஆகவே செலவை இப்படிச் செய்தேன். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு 450 ரூபாய். மெஷினோடு வந்த கிண்ணத்துக்கு இரட்டை அடி. ஒரே ஒரு ஊசித்துளை வழியாகப் பீய்ச்சி, எந்தத் தூளுக்கும் பொய் நுரை வரவழைக்கும். அதை எடுத்துவிட்டு ஒற்றை அடிக் கிண்ணம் வாங்கினேன், 600 ரூபாய். எஃகுப் பற்களும் ஆடாத தண்டும் உள்ள, படிப்படியாகத் திருகி நைசு மாற்றக்கூடிய கை அரவை 8,500 ரூபாய். கரண்டில் ஓடும் அரவையில் இதே தரம் வேண்டுமென்றால் விலை இரண்டு, மூன்று மடங்கு. மோட்டாருக்குக் கொடுக்கும் பணம் அது. எனக்குக் கை இருக்கிறது. 18 கிராம் அரைக்க ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

முதல் நாள் 17 நொடியில் ஓடிவிட்டது. ஒரு படி இறுக்கினேன், 22. இன்னொரு படி, 27. எட்டாவது நொடியில் முதல் சொட்டு, பிறகு செக்கிலிருந்து நல்லெண்ணெய் இறங்குவதுபோலப் பழுப்பாக, அறுபடாமல் ஒரு இழை. அதே ஏழாயிரம் ரூபாய் மெஷின்தான். பொங்கலுக்கு வந்த மகனிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்தேன். குடித்துவிட்டு மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் காற்று எங்கள் ஊர்வரை வந்துவிட்டால் அதே அரவையில் ஓட்டம் மாறிவிடும். அந்த மாதங்களில் ஒரு படி முன்னே பின்னே திருகிக்கொள்கிறேன்.

மெஷினைச் சும்மா விட்டுவிடவும் இல்லை. கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்தபோது சர்வீஸ் சென்டரில் "பழைய மாடல், புதுசு வாங்கிருங்க" என்றார்கள். கழற்றிப் பார்த்தால் இறுகிப்போன ரப்பர் வளையம் ஒன்று. விலை 180 ரூபாய். போர்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு உள்ளே உப்புப் படியும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருப்பதால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் சக்கை போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். பலசரக்குக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பு இரண்டு ஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணீர், பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர். அவ்வளவு போதும்.

கொட்டை விற்கும் விலையும் என் பக்கம்தான் பேசுகிறது. பிரேசிலில் மழை பொய்த்ததில் 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அதற்கு முன்பு அந்த விலையை அது தொட்டதே இல்லை. இப்படிக் காசு கொடுத்து வாங்கிய கொட்டையில் பாதியைச் சரியாக அரைக்காமல் வீணடிக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் கொட்டை வாங்குவது தென்காசியில், வறுத்து அரைத்துத் தரும் கடையில். முதல் முறை போனபோது அண்ணாச்சி, "அரைக்காம கொட்டையாவா கேக்கிய டீச்சர்? கொண்டுபோய் என்ன செய்யப் போறிய?" என்றார். விவரம் சொன்னதும் பீபரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி போட்டு, சிக்கரி இல்லாமல் நிறுத்துக் கொடுத்தார். இன்றைக்கு என்னைப் போல மாதம் நான்கைந்து பேர் கொட்டையாகக் கேட்டு வருவதாகச் சொல்கிறார்.

அவரைப் போன்ற கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. சிக்கரி கலந்த பாக்கெட்டில் அது எத்தனை சதவீதம் என்று போட வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதைப் பின்பற்றுகிறீர்கள். வறுத்த தேதியையும் சேர்த்து அடியுங்கள். வறுத்த ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம்வரை கொட்டையில் இருக்கும் மணம் அதற்குப் பிறகு இருப்பதில்லை. எந்த அரவை மெஷினாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அண்ணாச்சி இப்போது என் பையில் பேனாவால் எழுதித் தருகிறார். கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டுமில்லாமல் எல்லாப் பையிலும் அந்தத் தேதி இருக்க வேண்டும்.