சின்னத் துண்டுக்குக் கைரம்பம்

எங்கள் தெருவில் தச்சுவேலை செய்யும் தம்பி போன ஆடி மாதம் இடது கை ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தான். அவன் அறுத்துக்கொண்டிருந்தது மறைந்த என் அக்காவின் படச்சட்டத்துக்கு மூலையில் வைக்கும் முக்கோணத் துண்டு. இரண்டு அங்குலம்கூட இருக்காது. மறுநாள் திதி என்று அவசரப்படுத்தியவன் நான்தான்.

கல் அறுக்கும் மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி, பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தியிருந்தான். திட்டக்குடிப் பக்கம் பல பட்டறைகளில் இதைப் பார்க்கிறேன். பிளேடுக்கு மூடி கிடையாது. நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றும். நீளச் சட்டம் என்றால் கை தள்ளி இருக்கும், சட்டமும் அடங்கி நிற்கும். சின்னத் துண்டு சாய்வாகப் பட்டதும் திரும்பிக்கொண்டு, பிடித்த விரலையும் இழுத்துப் போய்விடும். கையுறை போட்டால் தப்பலாம் என்பார்கள். துணி சிக்கினால் கையே போகும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதற்கான பெட்டியின் பெயர் 'புவாத் அ ஓங்லே' என்று தெரியும். மூன்று பலகைகளை ஆணியடித்த திறந்த பெட்டி. இரு பக்கப் பலகையிலும் 45 டிகிரியில் ரம்பம் ஓட வெட்டு. 'ஓங்லே' என்றால் குட்டி நகம். அப்போது சிரித்தோம்.

அந்தப் பெட்டியில் சின்னத் துண்டை வைக்கவே கூடாது. இரண்டு முழ நீளச் சட்டத்தை வைத்து, முதலில் நுனியில் கோணத்தை அறுக்க வேண்டும். பிறகு துண்டைத் தனியே வெட்ட வேண்டும். கை எப்போதும் ஒரு சாண் தள்ளியே இருக்கும். துண்டாகவே கையில் வந்துவிட்டால் கிளாம்பில் இறுக்கிவிட்டுப் பல் நெருக்கமான ரம்பத்தால் அறுக்கலாம். நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு டிகிரி பிசகினால் கடைசி மூலையில் எட்டு டிகிரி இடைவெளி வாய் பிளக்கும். பெட்டியில் அறுத்தால் அந்தப் பிசகும் குறைவு.

"ஐயா, கையால அறுத்தா கூலி கட்டாது" என்று முன்பே சொல்லியிருக்கிறான். நியாயம்தான். ஆனால் கட்டாத கூலியைக் கட்ட வைப்பது வேலை கொடுக்கும் நம் பொறுப்பு. சாமி படம், கொலுப்படி என்று சில்லறை வேலை கொடுக்கும்போது, "கைரம்பத்தில் அறு, நூறு ரூபாய் கூடத் தருகிறேன், நாளை மறுநாள் கொடு" என்று சொல்வதில் நமக்கு என்ன நஷ்டம்? பேரம் பேசிவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போவதைவிட மேல். நான் வாங்கிக்கொண்டு போனேன்.

தேக்குச் சிராயில் ஒரு பெட்டி செய்து அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். அக்காவின் படத்துக்கு இன்னும் சட்டம் போடவில்லை.