காரின் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் பலரும் கேட்கும் கேள்வி இது: "கடிதம் டைப் செய்தாயிற்று, படம் பார்த்தாயிற்று. இதை வைத்து வேறு என்ன உருப்படியாகச் செய்யலாம்?" நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமைத் திறந்து, உங்கள் வீட்டுச் செலவுகளில் ஏதாவது ஒன்றைக் கணக்கு எழுதத் தொடங்குங்கள். கையில் கார் இருந்தால் பெட்ரோல் கணக்கில் தொடங்குங்கள். அது பெட்ரோல், மின்சாரம் இரண்டிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் காராக இருந்தால், இந்தக் கணக்கு கட்டாயம் என்பேன்.

நம் ஊர்ச் சாலைகளில் பிளக்-இன் ஹைபிரிட் இன்னும் அபூர்வம்தான். நான் வேலை பார்க்கும் அமெரிக்காவில் தெருவுக்கு ஒன்று கண்ணில் படும். நான் ஓட்டுவது 2017-ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலெட் வோல்ட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த இந்தக் காரின் தயாரிப்பு 2019-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இதில் 18.4 யூனிட் கொள்ளளவுள்ள பாட்டரி இருக்கிறது. இரவில் வீட்டு பிளக்கில் செருகி வைத்தால் காலையில் பாட்டரி நிறைந்திருக்கும். அரசின் சோதனைக் கணக்குப்படி 53 மைல் வரை மின்சாரத்தில் மட்டுமே ஓடும். அதன் பிறகு பெட்ரோல் இன்ஜின் பொறுப்பேற்றுக்கொள்ளும். அப்போது காலனுக்கு 42 மைல் கிடைக்கும். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர்.

டேஷ்போர்டு எண் சொல்லாத செய்தி

"காரே எல்லாவற்றையும் திரையில் காட்டுகிறதே, நான் ஏன் எழுத வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மாதத்தில் 1000 மைல் ஓட்டுகிறீர்கள். அதில் 750 மைல் பாட்டரியில், 250 மைல் பெட்ரோலில். பெட்ரோல் செலவு 6 காலனுக்குச் சற்றுக் குறைவு. மொத்த மைலைப் பெட்ரோலால் வகுத்தால் காலனுக்கு 168 மைல் என்று வரும். நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட நல்ல எண். ஆனால் பாட்டரியில் ஓடிய 750 மைலுக்கு வீட்டு மீட்டரில் ஓடிய மின்சாரம் அந்த எண்ணில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை!

அந்த மின்சாரம் எவ்வளவு? இந்தக் கார் 100 மைலுக்கு எடுப்பது சுமார் 31 யூனிட். ஆக, 750 மைலுக்கு 232 யூனிட். யூனிட் 15 சென்ட், பெட்ரோல் காலன் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்துக்கு 35 டாலர், பெட்ரோலுக்கு 21 டாலர், மொத்தம் 56 டாலர். காலனுக்கு 50 மைல் தரும் சாதாரண ஹைபிரிட் கார் இதே தூரத்துக்கு 70 டாலர் கேட்கும். ஆகவே உங்களுக்கு லாபம்.

இப்போது மின்சாரம் மட்டும் யூனிட் 35 சென்ட் என்று மாற்றுங்கள். மின் செலவு 81 டாலர் ஆகிறது. மொத்தம் 102 டாலர். பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைவிட நீங்கள் 32 டாலர் கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள். டேஷ்போர்டில் அப்போதும் அதே 168தான்!

இதற்கு எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு. காலன் ஒன்றின் விலையை 13-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மின்சாரம் யூனிட்டுக்கு அதைவிடக் குறைவாக இருந்தால், பாட்டரியில் ஓட்டுவது மலிவு. கூடுதலாக இருந்தால் பெட்ரோல் மலிவு. மூன்றரை டாலர் பெட்ரோலுக்கு அந்த எல்லை 27 சென்ட். இந்த 13 எங்கிருந்து வந்தது? காலனுக்கு 42 மைல், மைலுக்கு 0.31 யூனிட், இரண்டையும் பெருக்கினால் 13. உங்கள் கார் வேறு மாடலாக இருந்தால் அதன் எண்களைப் பெருக்கிப் பாருங்கள்.

அரசு ஒட்டும் லேபிளில் 106 என்று இன்னொரு எண் இருக்கும். அது "காலனுக்கு இணையான மைல்". 33.7 யூனிட் மின்சாரத்தை ஒரு காலன் பெட்ரோலுக்குச் சமமாக வைத்துக் கணக்கிடுவது. இந்தச் சமன் ஆற்றலில் மட்டும்தான். 33.7 யூனிட்டுக்கும் ஒரு காலனுக்கும் விலை ஒன்றல்ல. எனவே இந்த எண்ணை வைத்துப் பர்ஸ் கணக்குப் போட முடியாது.

என்னென்ன காலம் வேண்டும்?

எக்செல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஏழு காலங்களை அமைத்துக்கொள்ளுங்கள்: தேதி, ஓடோமீட்டர், நிரப்பிய காலன், கொடுத்த பணம், சுவரிலிருந்து எடுத்த யூனிட், பாட்டரியில் ஓடிய மைல், குறிப்பு. கடைசிக் காலத்தை வெட்டி என்று நினைக்க வேண்டாம். "கடும் குளிர்", "நெடுஞ்சாலைப் பயணம்" என்று இரண்டு வார்த்தை எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து அந்த வரி ஏன் வித்தியாசமாக இருக்கிறது என்று உங்களுக்கே புரியும். குளிர்காலத்தில் பாட்டரி தரும் தூரம் குறையும். மிகக் கடும் குளிரில் சார்ஜ் இருந்தாலும் இன்ஜின் தானே ஓடும்.

யூனிட்டை எங்கே பார்ப்பது என்பது முக்கியம். கார் திரை காட்டுவது பாட்டரியிலிருந்து வெளியே போன மின்சாரம். உங்கள் பில்லில் வருவது சுவரிலிருந்து போன மின்சாரம். பாட்டரியிலிருந்து 14 யூனிட் எடுத்துப் பயன்படுத்த, சுவரிலிருந்து 16 யூனிட்டுக்கு மேல் போகும். மீதி சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாகிறது. எனவே சார்ஜரில் மீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே செருகும் சிறிய மீட்டர் வாங்கலாம். அது அவ்வளவு கரண்டை மணிக்கணக்கில் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

பெட்ரோல் போடும்போது ஒரே முறையைப் பின்பற்றுங்கள். பம்ப் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும். பிளக்-இன் காரில் டாங்க் காலியாக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், பலர் இரண்டு மூன்று காலன் போட்டுவிட்டு மைலேஜ் பார்க்கிறார்கள். பம்ப் நிற்பதில் அரை காலன் வித்தியாசம் வந்தால், 3 காலனில் அது 17 சதவீதப் பிழை. 8 காலனில் 6 சதவீதம்தான். நன்றாகக் காலியான பிறகு நிரப்பி, அதன் பிறகு கணக்குப் பாருங்கள். ஆனால் பெட்ரோலை ஆண்டுக்கணக்கில் டாங்கில் வைத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் ஏறத்தாழ ஓராண்டு பழையதாகிவிட்டால், வோல்ட் தானே இன்ஜினை ஓட்டி அதைச் செலவழித்துவிடும்.

ஆவரேஜ் பங்ஷன் செய்யும் குறும்பு

ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் புதியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. முதல் மாதம் 1000 மைல், 25 காலன், மைலேஜ் 40. அடுத்த மாதமும் 1000 மைல், ஆனால் 5 காலன், மைலேஜ் 200. இந்த இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து ஆவரேஜ் பங்ஷன் கொடுத்தால் 120 என்று விடை வரும். கம்ப்யூட்டர் சொன்னதில் தவறில்லை. நாம் கேட்ட கேள்விதான் தவறு. மொத்தம் 2000 மைல், 30 காலன். வகுத்தால் 66.7-தான். எனவே மைல் காலத்துக்கும் காலன் காலத்துக்கும் தனித்தனியாகக் கூட்டல் போட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும். மைலேஜ் காலத்தை ஒருபோதும் சராசரி எடுக்காதீர்கள். சாதாரணக் காரில் இந்தப் பிழை சிறிதாக இருக்கும். பிளக்-இன் காரில் மாதத்துக்கு மாதம் எண் தாவுவதால் பூதாகரமாகிவிடும்.

ஆப் இருக்கிறதே!

இருக்கிறது. நானும் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன்தான். ஆப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஏறும் தகவலை உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு பைலாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அது உங்கள் கணக்கு அல்ல. வேறு ஒருவர் வீட்டில் வைத்த கணக்கு. 2022-இல் அமெரிக்காவில் 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டபோது, பல நிறுவனங்களின் பழைய கார்கள் இணையத் தொடர்பை இழந்தன. கார் நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து போனுக்குத் தகவல் வருவது நின்றுவிட்டது. என் அப்பா மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்ட கணக்கை டைரியில் எழுதுவார். அந்த டைரிகளை இன்றும் படிக்கலாம். உங்கள் பைலும் அப்படி இருக்க வேண்டும். சேவ் செய்ததோடு விடாமல், பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இது ஏன் முக்கியம்?

2021 முதல் ஐரோப்பாவில் விற்கப்படும் புதிய கார்களில் உண்மையான எரிபொருள் செலவைக் காரே பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படித் திரட்டிய தகவலை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் வெளியிடும் கரியமில வாயு சோதனைச் சாலை எண்ணைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல். பிளக்-இன் ஹைபிரிட் கார்களிலோ அது சராசரியாக மூன்றரை மடங்கு! சோதனையில் எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் பிளக்கில் செருகுவதில்லை, மின்சாரத்தில் ஓட்டுவதில்லை என்பதே முக்கியக் காரணம்.

இதைப் படித்துவிட்டு "பிளக்-இன் கார்களே ஏமாற்று" என்கிறார்கள் ஒரு சாரார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தினமும் செருகி, 40 மைல் போய் வருபவருக்கு இது பெட்ரோல் பங்க்கையே மறக்க வைக்கும் கார். செருகாதவருக்கு, கனமான பாட்டரியைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார். இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே கார், ஒரே லேபிள். நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பதை ஷோரூம் சேல்ஸ்மேன் சொல்ல முடியாது. உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்தான் சொல்லும்.

கார் நிறுவனங்களும் ஒன்று செய்ய வேண்டும். எத்தனை காலன், எத்தனை யூனிட், எத்தனை மைல் என்பது காருக்கு ஏற்கனவே தெரியும். யு.எஸ்.பி. போர்ட்டில் பென் டிரைவைச் செருகினால் அதை ஒரு சி.எஸ்.வி. பைலாகக் கொடுப்பது பெரிய வேலை இல்லை என்பதை ஒரு சாப்ட்வேர் இன்ஜினீயராகச் சொல்ல முடியும். பணம் கொடுத்து வாங்கியவருக்கு அந்தத் தகவலைக் கேட்கும் உரிமை உண்டு.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஒன்றாம் தேதி ஓடோமீட்டரைப் பார்த்து முதல் வரியை எழுதுங்கள். மாதத்துக்குப் பத்து நிமிட வேலை. பிளக்-இன் கார் இல்லாதவர்கள் ஸ்கூட்டருக்கு எழுதலாம். யூனிட் காலத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.