பல்லோடு போகிற எலும்பு

மும்பையின் அணுசக்தி நகர் என்றதும் அணு உலைகளும் விஞ்ஞானிகளும்தான் நினைவுக்கு வரும். பல் பிடுங்கிக்கொண்ட பாட்டியின் தாடைக்கும் அந்த வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

தாடையில் பற்களைத் தாங்கும் எலும்பு விளிம்பு பற்களுக்காகவே இருப்பது. பல் போனதும் அதற்கு வேலையில்லை, கரைய ஆரம்பிக்கிறது. முதல் ஓராண்டில் அந்த இடத்து அகலத்தில் பாதி வரை குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களில்.

பெண்களுக்குக் கூடுதல் சிக்கல். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் உடலெங்கும் எலும்பு மெலிகிறது. அந்த வயதில்தான் பற்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. முழு பல் செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் கவனித்து, ஆன்ட்ஜே டால்கிரென் 1972-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் நான்கு மடங்கு தேய்கிறது. விளைவு: கீழ் செட் ஆடுகிறது, ஈறில் குத்துகிறது, கடைசியில் டம்ளர் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. பாட்டி குழைந்த சாதத்துக்கு மாறுகிறார். சுண்டலும் பழமும் தட்டிலிருந்து விலகுகின்றன. "வயசானால் அப்படித்தான்" என்று வீடும் விட்டுவிடுகிறது.

அப்படி விடத் தேவையில்லை. அணுசக்தி நகரை அடுத்த ட்ராம்பேயில், மருத்துவப் பொருள்களைக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்யும் ஐசோமெட் நிலையம் 1974-ல் தொடங்கப்பட்டது. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை 1988-ல் திசு வங்கி அமைத்தது. தானமாகக் கிடைக்கும் எலும்பைப் பதப்படுத்தி, காமா கதிரால் கிருமி நீக்கி, டாக்டர்களுக்குத் தருவது இத்தகைய வங்கிகளின் பணி. பல் பிடுங்கிய குழியில் இப்படிப்பட்ட எலும்புத் துகளை நிரப்பினால் தேய்மானம் குறைகிறது, முற்றிலும் நிற்பதில்லை. எல்லோருக்கும் இது தேவையுமில்லை.

ஆனால் பிடுங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வேர் சிகிச்சையால் பல்லைக் காப்பாற்ற முடியுமா? முடியாவிட்டால், செட்டுக்குப் பிடிமானமாக ஓரிரு வேர்களையாவது விட்டுவைக்கலாமா? குழியை நிரப்புவது பலன் தருமா? எலும்பு மெலிவுக்கு அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவர்களில் சிலருக்கு, அபூர்வமாக, பல் எடுத்த இடத்தில் எலும்பு ஆறாமல் போகும் என்பது 2003 முதல் தெரிந்த விஷயம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

பல் செட்டை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். எலும்பு அதுவரை காத்திருக்காது.