கூரையும் வேண்டும், உரிமையும் வேண்டும்!

களமருதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சமீபத்தில் விவசாயத் தொழிலாளர்கள் கூடிப் பேசினார்கள். கூலி, பட்டா, குடிநீர் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கரும்பு வெட்டிவிட்டு நேராகக் கூட்டத்திற்கு வந்திருந்த ஒரு தாய் எழுந்து கேட்டார்: "பணம் படைச்சவங்க தர்மமா நம்ம பள்ளிக்கூடத்த எடுத்து நடத்துறோம்னு சொல்றாங்களாமே தோழரே! நடத்திட்டுப் போகட்டுமே. மழைக்கு ஒழுகாத கூரை இருந்தாப் போதும். அத ஏன் வேணாங்கிறீங்க?"

கேள்வி நியாயமானது. ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளையை உட்காரவைத்த தாய்க்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அதிகம். "தனியார்மயம் ஒழிக" என்று ஒரு கோஷம் போட்டுவிட்டு அவரை உட்காரச் சொல்லிவிட முடியாது. பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைத் தமிழ்நாட்டு உழைக்கும் மக்கள் அனைவர் முன்னிலையிலும் வைக்க விரும்புகிறோம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பிற்று? 2024 டிசம்பர் இறுதியில் சென்னையில் தனியார் பள்ளிகள் சங்கத்தின் விழா ஒன்று நடந்தது. 500 சர்க்கார் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்து எடுக்கப்போகின்றன என்ற செய்தி அதையொட்டி வெளிவந்தது. 2025 ஜனவரி பிறந்ததும் இடதுசாரிக் கட்சிகளும் ஆசிரியர் சங்கங்களும் கண்டனக் குரல் எழுப்பின. உடனே விளக்கம் வந்தது. யாரும் யாருக்கும் பள்ளியைத் தத்துக் கொடுக்கவில்லை, தாரை வார்க்கவும் இல்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியே உதவிதான் செய்யப்போகிறார்கள் என்று கல்வி அமைச்சர் கூறினார். சங்கமும் அப்படியே சொல்லிற்று.

நல்லது. அந்த விளக்கத்தை வரவேற்போம். ஆனால் அதே 2025ஆம் ஆண்டு அக்டோபரில் என்ன நடந்தது? தனியார் பல்கலைக்கழகச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சர்க்கார் சம்பளம் கொடுத்து நடந்துவரும் உதவி பெறும் கல்லூரிகள்கூடத் தனியார் பல்கலைக்கழகங்களாக மாறிக்கொள்ள அந்தத் திருத்தம் கதவைத் திறந்துவிட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தார்கள். சில நாட்களுக்குள் மசோதா மறுபரிசீலனைக்காகத் திரும்பப் பெறப்படும் என்று உயர்கல்வி அமைச்சர் அறிவித்தார். இரண்டு முறையும் குரல் எழுந்த பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. குரல் எழாதிருந்தால்?

உதவி வேறு, ஒப்படைப்பு வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கு உதவி செய்வதை நாம் எதிர்க்கவில்லை. தமிழ்நாட்டு ஏழை ஜனங்களைவிடப் பள்ளிக்கு அதிகம் கொடுத்தவர் யார்?

1958 முதல் தமிழ்நாடு முழுவதும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலம் அது. ஊர் ஊராக ஜனங்கள் நிலம் கொடுத்தார்கள். கட்டடம் கட்டினார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை என்று முடிந்ததைக் கொண்டுவந்து குவித்தார்கள். மதிய உணவுக்குப் பிடி அரிசி சேர்த்தார்கள். ஆனால் கொடுத்தவர் எவரும், "இனி இந்தப் பள்ளி என் பெயரில், என் நிர்வாகத்தில் நடக்கும்" என்று கேட்கவில்லை. கொடுத்த பொருள் பள்ளியைச் சேர்ந்தது. பள்ளி ஊரைச் சேர்ந்தது. ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பும் சம்பளம் கொடுக்கும் பொறுப்பும் மாறவில்லை.

இதுதான் உதவி. கூரை போட்டுக் கொடுத்துவிட்டுச் சாவியையும் கேட்டால், அது உதவியல்ல, ஒப்படைப்பு.

சட்டத்தில் பெயர் மாறினால் என்ன மாறும்?

"பெயர்ப் பலகைதானே மாறுகிறது, பாடம் அதேதானே" என்று சிலர் வாதிடுகிறார்கள். பலகையில் உள்ள பெயரைவிடச் சட்டத்தில் உள்ள பெயர்தான் முக்கியம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளை வகைவகையாகப் பிரிக்கிறது. சர்க்காரோ ஊராட்சி, நகராட்சி போன்ற ஸ்தல ஸ்தாபனங்களோ நடத்தும் பள்ளி ஒரு வகை. சர்க்கார் உதவி பெறும் தனியார் பள்ளி ஒரு வகை. எந்த உதவியும் பெறாத தனியார் பள்ளி இன்னொரு வகை. பள்ளி எந்த வகையில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே உங்கள் உரிமை.

சர்க்கார் பள்ளியில் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி கொடுப்பது சட்டப்படியான கடமை. உதவி பெறாத தனியார் பள்ளிக்கோ, தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கினால் கடமை தீர்ந்தது.

அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், வரும் பணம் எங்கே போகிறது என்று கேட்பதும் அந்தக் குழுவின் வேலை. கூட்டத்தில் எழுந்து கேட்ட தாய் அந்தக் குழுவிலும் உட்கார்ந்து தலைமையாசிரியரைக் கேள்வி கேட்கலாம். ஆனால் உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. பள்ளி அந்த வகைக்கு மாறிய அன்றே அந்தத் தாயின் நாற்காலி போய்விடும்.

இன்னும் கேளுங்கள். மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 7.5 உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. யாருக்கு? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு. அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. கூலி விவசாயியின் மகள் டாக்டருக்குப் படிக்கும் வழி, அவள் படித்த பள்ளி எந்த வகை என்பதில் அடங்கியிருக்கிறது. பள்ளி வகை மாறினால், அந்த வழியை யார் காப்பாற்றுவார்கள்?

ஆசிரியர் நியமனமும் அப்படித்தான். சர்க்கார் பள்ளி ஆசிரியர் போட்டித் தேர்வின் மூலம், இடஒதுக்கீட்டின்படி வருகிறார். டிரஸ்டு நியமிக்கும் ஆசிரியர் டிரஸ்டிகளின் விருப்பப்படி வருகிறார், அவர்களின் விருப்பப்படியே போகிறார். அவருக்குக் கொடுக்கப்படும் சம்பளம் எவ்வளவு என்பதைத் தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பட்டதாரிப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

இங்கிலாந்தின் பாடம்

"எல்லாம் உங்கள் கற்பனை" என்று சொல்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். அங்கே இது பேச்சளவில் நிற்கவில்லை, நடந்தே முடிந்திருக்கிறது.

நலிந்த சில பள்ளிகளைத் தூக்கி நிறுத்தப்போகிறோம் என்று சொல்லி, பிளேர் ஆட்சியில் 2002இல் 'அகாடமி' என்ற புதுவகைப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 2010இல் வந்த கூட்டணி ஆட்சி அகாடமிச் சட்டம் கொண்டுவந்து எல்லாப் பள்ளிகளுக்கும் கதவைத் திறந்தது. 2025 வாக்கில் அங்குள்ள சர்க்கார் செலவிலான உயர்நிலைப் பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அகாடமிகளாகிவிட்டன.

எப்படி மாறுகிறது? பள்ளியின் நிர்வாகக் குழு தீர்மானம் போடுகிறது. மந்திரி உத்தரவு கொடுக்கிறார். அந்தத் தேதியிலிருந்து ஸ்தல ஸ்தாபனத்துக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு முடிந்தது. ஆசிரியர்கள் டிரஸ்டின் ஊழியர்களாகிறார்கள். பொது நிலம் பெரும்பாலும் 125 வருஷக் குத்தகைக்குப் பெயரளவு வாடகையில் டிரஸ்டுக்குப் போகிறது. டிரஸ்டு என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு கம்பெனி. அதே சமயம் ஒரு தர்ம ஸ்தாபனம். பல பள்ளிகளை ஒரே டிரஸ்டு வைத்திருந்தால், எந்தப் பள்ளிக்கும் தனியாகச் சட்ட உருவமே கிடையாது. "எங்களுக்கு இந்த டிரஸ்டு வேண்டாம்" என்று பள்ளி தானாக வெளியேறவும் முடியாது.

இவ்வளவுக்கும் செலவு யாருடையது? சர்க்காருடையது! பணம் ஜனங்களின் வரிப்பணம். சாவி மட்டும் டிரஸ்டின் மடியில். சில பெரிய டிரஸ்டுகளின் தலைமை அதிகாரிகள் அந்த நாட்டுப் பிரதமரைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள்.

லண்டனில் டவுன்ஹில்ஸ் என்ற தொடக்கப் பள்ளியை 2012இல் அகாடமியாக மாற்றினார்கள். பெற்றோர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஹைகோர்ட்டு வரை போனார்கள். பலனில்லை, பள்ளி டிரஸ்டுக்குப் போயிற்று. 2017 செப்டம்பரில் வேக்ஃபீல்டு நகரத்து டிரஸ்டு ஒன்று, தன்னிடமிருந்த 21 பள்ளிகளையும் இனி நடத்த முடியாது என்று கைவிரித்துவிட்டது. பள்ளிக்கூடம் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. பிள்ளைகள் எந்த டிரஸ்டிடம் போவார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியவில்லை.

அகாடமிகள் எல்லாமே மோசமாக நடக்கின்றன என்று நாம் சொல்லவில்லை. நன்றாக நடப்பவையும் உண்டு. சர்க்கார் பள்ளிகளிலும் நன்றாக நடப்பவை உண்டு, மோசமாக நடப்பவையும் உண்டு. பிரச்னை அதுவல்ல. மோசமாக நடந்தால் ஜனங்கள் யாரைப் பிடித்துக் கேட்பது? அதுதான் பிரச்னை. சர்க்காரை ஓட்டுப் போட்டு இறக்கலாம். டிரஸ்டிகளை எந்த ஓட்டால் இறக்குவது?

பணம் இல்லையா, மனம் இல்லையா?

"சர்க்காரிடம் பணம் இல்லை, அதனால்தான் தர்மவான்களை நாடுகிறோம்" என்பது அடுத்த வாதம்.

தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்குச் செலவிட வேண்டும், பணக்காரர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒன்றாகப் படிக்கும் பொதுப் பள்ளி முறை வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966இல் சொல்லிற்று. அறுபது வருஷங்களாக எந்த மத்திய சர்க்காரும் அந்த 6 பங்கை எட்டவில்லை. அதோடு நிற்கவில்லை. பிரதமர் பெயரிலான பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தது. தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியதாயிற்று.

நம் வரிப்பணத்தை நமக்குக் கொடுக்காமல் பள்ளியைப் பட்டினி போடுவது. பட்டினியில் மெலிந்ததும், "பாருங்கள், சர்க்கார் பள்ளி உருப்படாது" என்று கைகாட்டுவது. பிறகு தர்மப் பிரபுவை அழைத்துவருவது. இந்தப் பாதையை உழைக்கும் மக்கள் புரிந்துகொள்ள வேண்டும். மத்திய சர்க்காரின் வஞ்சனையைக் காட்டி மாநில சர்க்கார் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. ஒழுகும் கூரையை மாற்றுவதும் காலி இடங்களில் ஆசிரியரைப் போடுவதும் அதன் கடமை.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஜனங்களுக்குத் தயவுக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணுக்கெட்டும் தூரத்தில் கல்வராயன் மலை நிற்கிறது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்குள்ள பழங்குடி மக்கள் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தார்கள். 1976இல்தான் ஜாகீர்கள் சர்க்கார் வசம் வந்தன. பிரபுவுக்கு மனமிருந்தால் பிழைப்பு, இல்லாவிட்டால் இல்லை என்ற வாழ்க்கையை அந்த மலை பார்த்திருக்கிறது. இன்று மலைப் பிள்ளைகள் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் குறைகள் ஏராளம். ஆனால் அந்தக் குறையைச் சொல்லிச் சர்க்காரின் சட்டையைப் பிடிக்க முடிகிறது. பிரபுவின் சட்டையை யாரும் பிடிக்க முடிந்ததில்லை.

வேறு வழி உண்டு என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1957இல் கேரளத்தில் தோழர் ஈ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கம்யூனிஸ்டு மந்திரிசபை ஒரு கல்வி மசோதா கொண்டுவந்தது. ஜோசப் முண்டசேரி கல்வி மந்திரி. தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சர்க்காரே நேராகச் சம்பளம் கொடுக்கும். நியமனம் மேலாளரின் இஷ்டப்படி நடக்காது. சீர்கெட்ட பள்ளியைச் சர்க்கார் ஏற்கலாம் என்பவை அதன் சாரம். பிற்போக்குச் சக்திகள் கொதித்தெழுந்தன. 1959 ஜூலை 31ஆம் தேதி அந்த மந்திரிசபை கலைக்கப்பட்டது. ஆனால் ஆசிரியரின் சம்பளம் மேலாளரின் தயவல்ல, உரிமை என்ற கொள்கையைக் கலைக்க முடியவில்லை. அந்த வழி பள்ளியைப் பொதுவின் பக்கம் இழுத்தது. இன்று காட்டப்படும் வழி பொதுவிடமிருந்து இழுக்கிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

சர்க்கார் பள்ளியின் நிலம், கட்டடம், நிர்வாகம் எதுவும் எந்த டிரஸ்டுக்கும் கம்பெனிக்கும் மாற்றப்படக் கூடாது.

நன்கொடை வரட்டும். நிபந்தனையின்றி வரட்டும். யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவாயிற்று என்ற கணக்கு பள்ளிச் சுவரில் ஒட்டப்படட்டும்.

உதவி பெறும் பள்ளியானாலும் கல்லூரியானாலும், அதன் சட்ட நிலையை மாற்றும் எந்த யோசனையும் பெற்றோர் கூட்டத்திலும் கிராம சபையிலும் வைக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும். ஆசிரியரின் வேலைக்கும் சம்பளத்துக்கும் எழுத்தில் உத்தரவாதம் வேண்டும்.

மத்திய சர்க்கார் கல்விப் பணத்தை நிபந்தனைக் கயிறு கட்டாமல் கொடுக்க வேண்டும். மாநில சர்க்கார் காலி ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். பழுதுபட்ட கட்டடங்களை மழைக்காலத்துக்கு முன் சீர்செய்ய வேண்டும்.

கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு நமது பதில் இதுதான். அம்மா, கூரை வேண்டும் என்று நீங்கள் கேட்டது சரி. அந்தக் கூரை உங்கள் வரிப்பணத்தில் வர வேண்டியது. அதைத் தர்மமாக வாங்கிக்கொண்டு பதிலுக்குப் பள்ளியைக் கொடுத்துவிட்டால், அடுத்த மழையில் ஒழுகும்போது கேட்பதற்கு உங்களுக்கு இடமிருக்காது. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். கூரையைப் பற்றித் தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகும்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கொடி உங்களோடு வரும்.