எரிச்சல் சொல்லும் சேதி

தோசை ஆறிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார் கணவர். இரண்டு மதிப்பெண் குறைந்ததற்காக மகனை அறைகிறார் தாய். அலுவலகத்தில் சாதுவாக இருப்பவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சீறுகிறார். "அவர் சுபாவமே அப்படித்தான்" என்று வீட்டார் பழகிக்கொள்கிறார்கள்.

உண்மையில் அது சுபாவம்தானா? முன்கோபம் சிலருக்கு இளமையிலிருந்தே உண்டு. ஆனால் நேற்றுவரை நிதானமாக இருந்தவர் இன்று தொட்டதற்கெல்லாம் வெடித்தால் அது அறிகுறியாக இருக்கலாம். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆண்கள் பலரிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படுகிறது. பெண்கள் பலர் தலைவலி, முதுகுவலி, அசதி, படபடப்பு என்றுதான் மருத்துவரிடம் போகிறார்கள். "மனசு சரியில்லை" என்ற பேச்சு கடைசியில்தான் வரும், வராமலும் போகும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மாற்றம்: தூக்கம், பசி, பேச்சு, பிடித்த விஷயங்களில் ஆர்வம் ஆகியவை முன்பு போல இருக்கின்றனவா? இரண்டாவது, காலம்: ஒருநாள் கோபம் எல்லோருக்கும் வரும், இரண்டு வாரம் பெரும்பாலும் அதே நிலை என்றால் அலட்சியம் கூடாது. மூன்றாவது, பாதிப்பு: வேலை கெடுகிறதா, உறவு கசக்கிறதா? இதில் வீட்டாரே நல்ல சாட்சிகள். அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் குழந்தைகள் டி.வி.யை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடும் வீட்டில் வேறு பரிசோதனை தேவையில்லை.

ஆரம்ப நிலையில் சில எளிய வழிகள் உதவும். கோபம் ஏறும்போது இதயத் துடிப்பு கூடுகிறது. யோசிக்கும் திறன் குறைகிறது. அப்போது வாதம் செய்து பலனில்லை. "பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது நல்லது. எப்போது, எதனால் கோபம் வந்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம் என்று சில நாட்கள் குறித்துவைத்தால் காரணம் பிடிபடும். பல நேரங்களில் அது பசியாகவோ, தூக்கக் குறைவாகவோ, கடன் கவலையாகவோ இருக்கும். தைராய்டு கோளாறும் வைட்டமின் பி12 குறைவும்கூட மனநிலையைப் பாதிக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

இவற்றுக்கும் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போகத் தயங்கக் கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 10 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம் என்பது இன்னொரு பயம். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் போதை தருபவை அல்ல. ஆனால் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது. கடையில் தானாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரைதான் ஆபத்து.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம் என்பது டெல்லியிலும் மும்பையிலும் வசிக்கும் தமிழர்களுக்கு வசதி. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் இல்லை. அன்றே உதவி தேட வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. மனம் சரியில்லை என்பது வீட்டாரை அடிப்பதற்கு நியாயம் ஆகாது. சிகிச்சைக்குப் போக அதுவே முதல் காரணம்.